மொபெட் ஐடிலிங் கோளாறு: கண்டறியும் முறையின் வரலாறு

ஐடிலிங் என்பது ஆக்சிலேட்டரைத் திருகாத நிலையில் எஞ்சின் தானாக ஓடும் குறைந்த வேகம். தமிழகப் பட்டறைகளில் இதை ‘ஸ்லோ ஸ்பீடு’ என்பர். அந்த வேகத்தில் எஞ்சின் குலுங்குவதும் ஆஃப் ஆவதும் கார்புரேட்டர் வண்டிகளின் பழைய கோளாறு.

திருப்பூர் வட்டாரத்தில் இக்கோளாறு பிழைப்போடு தொடர்புடையது. 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட நெருப்பெரிச்சல் போன்ற பகுதிகளில், ஒரு பனியன் ஒரே கூரையின்கீழ் உருவாவது அரிது. கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங் என யூனிட் விட்டு யூனிட்டுக்குப் பண்டல்கள் போய்க்கொண்டே இருக்கும். அவற்றைச் சுமப்பதில் மொபெட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. ஓசூரில் தயாரான டி.வி.எஸ் 50, 1980-இல் வந்தது. இருவர் செல்லத்தக்க முதல் இந்திய மொபெட் அதுவே. வண்டி வழியில் நின்றால் பண்டல் வராது. பண்டல் வராவிட்டால் பீஸ் ரேட் டெய்லருக்கு அன்றைய கூலி குறையும்.

காதும் பிளக்கும்

பெட்ரோலைத் தெளித்துக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை ஜெர்மானியரான வில்ஹெல்ம் மேபாக் 1893-இல் உருவாக்கினார். அதன் அடிப்படை பின்னர் அதிகம் மாறவில்லை. வேகமாக ஓடும்போது மெயின் ஜெட் பெட்ரோலைத் தருகிறது. ஸ்லோ ஸ்பீடில் திராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் ஸ்லோ ஜெட் மட்டுமே வேலை செய்கிறது. அதன் துளை மிக நுண்ணியது. மெயின் ஜெட்டைப் பாதிக்காத சிறு துகளும் ஸ்லோ ஜெட்டை அடைத்துவிடும். “ஓட்டுனா நல்லாத்தானுங்க ஓடுது, நின்னா ஆஃப் ஆயிருது” என்று வண்டிக்காரர் சொன்னதும் மெக்கானிக்கின் கை கார்புரேட்டருக்குப் போவது இதனால்தான்.

ஆனால் எல்லாப் பழியும் கார்புரேட்டருக்கு உரியதன்று. அனுபவமுள்ளவர் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். பிஸ்கட் நிறம் என்றால் கலவை சரி. உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதியையும், வெளிறிய வெண்மை காற்று மிகுதியையும் காட்டும். சோக்கைப் பாதி இழுத்ததும் எஞ்சின் சீராக ஓடினால், காற்று அதிகமாக இருக்கிறது அல்லது பெட்ரோல் போதவில்லை. செலவில்லாத, நம்பத்தக்க சோதனை இது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் ஆயில் சீல் தேய்ந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். ஜெட்டை எத்தனை முறை ஊதினாலும் பயனிராது. சூடானதும் நின்று, ஆறியபின் ஸ்டார்ட் ஆனால் இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்க வேண்டும்.

இவை எதையும் பாராமல் ஸ்குருவைத் திருகி ஸ்லோ ஸ்பீடை ஏற்றி வைப்பது பரவலான வழக்கம். இது கோளாறை மறைக்கிறது, பெட்ரோலும் வீணாகிறது.

கணினியும் எத்தனாலும்

2015-இல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்.எல் 100 வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வர, மொபெட்டிலும் கார்புரேட்டரின் இடத்தை ஃபியூயல் இன்ஜெக்ஷன் பிடித்தது. அத்தகைய வண்டியில் சென்சார்கள் காட்டும் கோளாறைக் கணினி குறித்துக்கொள்கிறது. ஸ்கேனரில் அதைப் படிக்கலாம். பழைய வண்டிக்கு இன்றும் காதும் கையும்தான்.

அதற்குள் பெட்ரோலே மாறிவிட்டது. 10 விழுக்காடு எத்தனால் கலப்பு 2022-இல் எட்டப்பட்டது. 20 விழுக்காடு கலந்த பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு பங்கு தூய பெட்ரோல் முழுதாய் எரிய எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். எனவே பழைய ஜெட் அளவில் கலவை சற்றே காற்று மிகுந்து, ஐடிலிங் தடுமாறலாம். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமும் 2025-இல் கூறியது.

எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நெடுநாள் நின்ற வண்டியில் அந்த நீர் பிரிந்து அடியில் தங்கக்கூடும். அதனால் இப்போது பிளக்கோடு இன்னொன்றும் பார்க்கவேண்டியுள்ளது. எஞ்சின் ஆறியபின் கார்புரேட்டரின் டிரெய்ன் ஸ்குருவைத் தளர்த்தி, வரும் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வைத்தால், நீர் தனி அடுக்காக அடியில் தெரியும்.