கைக்குறிப்பேட்டிலிருந்து மென்பொருள் வரை: கள்ளக்குறிச்சி வட்டாரமும் பண்புசார் ஆய்வும்

சமூக ஆய்வில் இருவகைத் தரவுகள் உண்டு. ஒரு வட்டத்தில் எத்தனை வீடுகள், எத்தனை ஏக்கர் நிலம், எத்தனை பேர் பள்ளி சென்றனர் என்பவை எண்சார் தரவுகள். ஒரு குடும்பம் ஏன் கடன்பட்டது, ஒரு சிறுமி ஏன் பள்ளியை விட்டு நின்றாள் என்பதற்கு மக்கள் தம் வாயால் சொல்லும் விளக்கங்கள் பண்புசார் தரவுகள். இரண்டாம் வகைத் தரவைச் சேமித்து, வகைப்படுத்தி, ஒப்பிட இன்று கணினி மென்பொருள்கள் பயன்படுகின்றன. கணினி வருவதற்கு முன்பே இப்பணி நடந்துவந்தது. அதன் வரலாற்றில் கள்ளக்குறிச்சி வட்டாரத்துக்கும் கல்வராயன் மலைக்கும் பங்கு உண்டு.

ஆங்கிலேயர் காலப் பதிவுகள்

டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி 1906-ல் வெளிவந்தது. எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரி ஆகியோரின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதிகள் 1909-ல் வந்தன. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றிய செய்திகள் இவற்றில் உள்ளன. மலையில் வாழ்வோர் என்பதே இங்கு 'மலையாளி' என்ற சொல்லின் பொருள். கேரளத்தாரை அது குறிக்காது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்ற அவர்களது வழிவழிக் கதையும், சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் ஆகியோரின் ஜாகிர்களும் அக்காலப் பதிவுகளில் இடம்பெற்றன.

இவை பயனுள்ள ஆவணங்கள். ஆனால் தலைப்புகளை வகுத்தவர்கள் அதிகாரிகள். திருமணம், உடை, தெய்வம், சடங்கு என்று அவர்கள் அமைத்த அறைகளுக்குள் மக்களின் பேச்சு பிரித்து வைக்கப்பட்டது. ஜாகிர்தாரருக்குக் கூலியின்றி உழைத்தவர் அந்த உழைப்பை எப்படி விவரித்தார் என்பதற்கு அங்கு அறை இல்லை. ஜாகிர் முறை முடிந்து மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் முழுமையாக வந்தது 1976-ல்தான்.

இருவேல்பட்டு காட்டிய வழி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915-ல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் தம் மாணவர்களை வினாப்பட்டியலுடன் கிராமங்களுக்கு அனுப்பினார். அவர்களின் அறிக்கைகள் 1918-ல் நூலாயின. அவற்றுள் ஒன்று பழைய தென்னார்க்காட்டின் திருக்கோவிலூர் வட்டாரத்தைச் சேர்ந்த இருவேல்பட்டு. அவ்வூரில் முதல் ஆய்வு 1916-ல் நடந்தது. பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் தொகுத்த மறு ஆய்வு 1940-ல் நூலாக வந்தது. 1981-ல் எஸ். குகனும் ஜோன் மென்சரும், 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரும் அதே ஊரை ஆராய்ந்தனர்.

ஒரே ஊரை ஏறத்தாழ நூறாண்டுகள் பின்தொடரும் வாய்ப்பு உலகிலேயே அரிது. முந்தைய ஆய்வாளர் எதைக் கேட்டார், எந்தச் சொல்லால் பதிந்தார் என்பது தெரிந்தால்தான் அடுத்தவர் ஒப்பிட முடியும். குறிப்புகளை ஒழுங்காகப் பேணுவதன் தேவை இங்கே விளங்கும்.

குறிப்புகள் அழிந்தால் என்னவாகும் என்பதற்கும் சான்று உண்டு. மைசூர் அருகே ராம்புரா கிராமத்தில் 1948-ல் களப்பணி செய்த எம். என். சீனிவாஸ், பல ஆண்டுகள் உழைத்து ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று பிரதிகளும் 1970-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் தீவைப்பில் எரிந்தன. பெரும்பாலும் நினைவிலிருந்தே அவர் எழுதிய கிராம நூல் 1976-ல் வெளிவந்தது. மூன்று பிரதிகளும் ஓரிடத்தில் இருந்ததே இழப்புக்குக் காரணம். கணினிக் காலத்து மாணவருக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

மென்பொருளின் வருகை

1960-களில் ஹார்வர்டில் பிலிப் ஸ்டோன் குழுவினர் உருவாக்கிய 'ஜெனரல் இன்குவைரர்' உரையிலுள்ள சொற்களை அகராதிப்படி வகைப்படுத்தி எண்ணியது. 1967-ல் கிளேசரும் ஸ்ட்ராஸும் வேறு பாதையைக் காட்டினர். முன்கூட்டியே வகுத்த கோட்பாட்டைத் தரவின்மேல் சுமத்தாமல், தரவிலிருந்தே கருத்துகளைக் கட்டியெழுப்ப வேண்டும் என்பது அவர்களின் முறை. அதைப் பின்பற்றியோர் நேர்காணல் தாள்களை வெட்டி, அட்டைகளில் ஒட்டி, உறைகளில் பிரித்து வைத்தனர்.

இந்தக் கத்தரிக்கோல் வேலையையே கணினி ஏற்றது. ஆஸ்திரேலியாவில் டாம், லின் ரிச்சர்ட்ஸ் இணையர் 1981-ல் 'நூடிஸ்ட்' என்ற மென்பொருளைத் தொடங்கினர். அதன் வழிவந்த 'என்விவோ' 1999-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் ஜான் சைடலின் 'எத்னோகிராஃப்' 1985-ல் வந்தது. ஜெர்மனியில் உடோ குக்கார்ட்ஸின் 'மேக்ஸ்' 1989-லும், தாமஸ் மூரின் 'அட்லஸ் டிஐ' 1993-லும் வந்தன. இன்று 'குவால்கோடர்', 'டாகெட்' ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சாதாரண மடிக்கணினி வைத்திருக்கும் கல்லூரி மாணவரும் அவற்றைக் கற்கலாம்.

தமிழ் உரையில் கவனிக்க வேண்டியவை

யூனிகோடின் 1991-ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் பல்லாண்டுகள் தனித்தனி எழுத்துருக் குறியாக்கங்களே புழங்கின. பாமினியில் தட்டச்சு செய்த பழைய நேர்காணலை யூனிகோடுக்கு மாற்றினால்தான் இம்மென்பொருள்களில் தமிழில் தேட இயலும்.

தேடலிலும் நுட்பம் உண்டு. 'கடன்' என்று தேடினால் 'கடனை', 'கடனுக்கு' ஆகியவை அகப்படாமல் போகலாம். புள்ளியும் ஒரு தனிக் குறியாகச் சேமிக்கப்படுவதே காரணம். புள்ளியை நீக்கி 'கடன' என்று தேடினால் அனைத்தும் கிடைக்கும். 'நிலம்', 'நிலத்தை' இரண்டையும் பிடிக்க 'நில' என்று தேடினால் 'நிலை', 'நிலா' ஆகியவையும் கூடவே வரும். எனவே தேடல் முடிவை அப்படியே எண்ணிக் கணக்குச் சொல்லக் கூடாது. ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்க வேண்டும்.

பெயரிடுவதில் உள்ள பொறுப்பு

மென்பொருளின் மையப் பணி குறியிடல். உரையின் ஒரு பகுதியைத் தேர்ந்து அதற்குப் பெயர் சூட்டுகிறோம். பின்னர் அப்பெயரைச் சொடுக்கினால் எல்லா நேர்காணல்களிலிருந்தும் அத்தகைய பகுதிகள் ஒன்றுசேர்ந்து வரும். கற்பனையாக ஒரு வாக்கியம்: "மழை இல்லாத வருஷம், மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கிட்டு கீழ எறங்கிட்டோம்." இதில் 'முன்பணம்' என்பதைக் 'கூலி' என்று குறியிடுவதா, 'கடன்' என்று குறியிடுவதா?

இது வெறும் சொல் தேர்வன்று. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில், கொத்தடிமைக் கடன் என்பதன் வரையறையே முன்பணத்திலிருந்து தொடங்குகிறது. 'கூலி' என்று பெயரிட்டுவிட்டால், அந்தக் குடும்பம் பின்னர் செய்யப்படும் எந்தக் கடன் தேடலிலும் தென்படாது. மக்களின் சொல்லையே குறியீடாக வைத்துக்கொள்வதற்கு 'இன் விவோ' குறியிடல் என்று பெயர். 'முன்பணம்', 'கீழ எறங்கிட்டோம்' என்றே முதலில் குறியிட்டு, ஏன் அப்படிச் செய்தோம் என்று குறிப்பும் எழுதிவைத்தால், முடிவைப் பிறகு ஆராய்ந்து எடுக்கலாம். 'இடப்பெயர்வு' என்ற பாடநூற் சொல்லை முதலிலேயே ஒட்டினால், திரும்பி வருவோரும் வராதோரும் ஒன்றாகிவிடுவர்.

மலை மக்களின் வாய்மொழிக்குச் சட்ட மதிப்பும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்ட விதிகள், உரிமை கோருபவர் அல்லாத மூத்தோரின் எழுத்தில் பதிந்த கூற்றைச் சான்றுகளுள் ஒன்றாக ஏற்கின்றன. 2024-ல் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின், கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை இல்லை, வேலை இல்லை என்பதைப் புள்ளிவிவரம் காட்டும். அதனால் வாழ்க்கை எப்படித் திசைமாறியது என்பதை வாழ்ந்தவரே சொல்ல வேண்டும்.

கற்கத் தொடங்குவோருக்கு

முதலில் இரண்டு நேர்காணல்களைத் தாளில் அச்சிட்டு, வண்ணப் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் பெயர் எழுதிப் பழகுங்கள். அதே உரையை நண்பர் ஒருவரிடமும் தந்து, இருவர் இட்ட பெயர்களையும் ஒப்பிடுங்கள். வேறுபடும் இடங்களை விவாதித்து, ஒவ்வொரு குறியீட்டுக்கும் இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள். அதன் பிறகு மென்பொருளைத் திறந்தால், எந்தப் பொத்தான் எதற்கு என்பது விரைவில் பிடிபடும். பேசியவரின் ஒப்புதல் பெறுங்கள். பெயரையும் அடையாளத்தையும் மறையுங்கள். பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

இருவேல்பட்டில் 1916-ல் எழுதப்பட்டதை 2008-ல் வந்தவர்கள் படித்துப் பயன்படுத்த முடிந்தது. இன்று வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ ஒரு மாணவர் பதியும் நேர்காணலும், ஒழுங்காகக் குறியிட்டுப் பேணப்பட்டால், அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு அவ்வாறே பயன்படும்.