ஜாலான் புசாரும் வாங்குவோர் உரிமையும்

சிங்கப்பூரின் ஜாலான் புசாரை ஒட்டிய சுங்கை ரோட்டில் 1930களில் தோன்றிய பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10இல் மூடப்பட்டது. வாங்குபவரே விழித்திருத்தல் வேண்டும் என்னும் பழைய வணிக நெறிக்கு அத்தகு சந்தைகள் சான்றாகும். கார் வணிகத்திலும் அந்நெறியின் சாயல் நெடுங்காலம் நீடித்ததை நாம் காண்கின்றோம்.

இங்கிலாந்தின் 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் 1993இல் சிங்கப்பூர்ச் சட்டமாக ஏற்கப்பெற்றது. விற்கும் பொருள் தக்க தரமுடையதாதல் வேண்டும் என அது விதித்தது. எனினும், எஞ்சின் மீண்டும் மீண்டும் பழுதுற்றாலும், வாங்கியபோதே குறை இருந்ததென மெய்ப்பிக்கும் பொறுப்பு உரிமையாளரையே சார்ந்தது.

2003ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்பெற்ற திருத்தம் 2012 செப்டம்பர் 1 முதல் இந்நிலையை மாற்றியது. 'லெமன் சட்டம்' எனப்படும் இதன்படி, ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். அன்றென மெய்ப்பித்தல் விற்றவர் கடன். முதற்கண் பழுதுநீக்கமோ மாற்றுப்பொருளோ கோரலாம். அவை இயலாவிடில் விலைக்குறைப்புப் பெறலாம், அல்லது காரைத் திருப்பியளித்துப் பணம் பெறலாம். பயன்படுத்திய கார்களுக்கும் இது பொருந்தும்.

உத்தரவாதம் வணிகர் அளிக்கும் வாக்கு; அதன் எல்லையை வகுப்பவரும் அவரே. சட்டம் அளிக்கும் உரிமையையோ எவ்வொப்பந்தமும் விலக்க இயலாது. இவ்வேறுபாட்டை அறிதலே வாங்குவோர்க்கு அரணாகும்.