தோலுக்குக் கிடைத்த மரியாதை

அஸ்தினாபுரம் என்றால் பாரதக் கதையில் அரசர்களின் தலைநகரம். தாம்பரம் பக்கத்து அஸ்தினாபுரத்துச் சனங்களோ ரயில் பிடிக்க குரோம்பேட்டைக்குத்தான் வரவேண்டும். அந்தப் பெயர் புராணத்திலிருந்து வரவில்லை, தோலிலிருந்து வந்தது. சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் நடத்திய குரோம் லெதர் கம்பெனி ஊருக்குக் கொடுத்த பெயர் அது. குரோம் என்பது தோல் பதனிடும் உப்பு. தமிழில் 'தோல்பேட்டை' என்று வைத்திருந்தால் இங்கே மனை வாங்க எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

தொழில்களின் மதிப்பு காலத்துக்குக் காலம் மாறும் என்கிறார்கள். மாறுகிறது, சரி. யாருக்கு மாறுகிறது?

ஊரில் மாடு செத்தால் 'கூப்பிடு சேரியாளை' என்பதுதான் வழக்கம். தூக்கிப் போவதும் உரிப்பதும் நம்மாளுகள். சுண்ணாம்பில் போட்டு மயிர் கழிப்பது, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைப்பது என்று தோல் பதனிடும் வேலையெல்லாம் கையால் கற்ற ரசாயனம். கவலை ஏற்றத்தில் நீர் இறைத்ததும் தோல்தான். அந்தத் தண்ணியில விளைஞ்ச நெல்லுக்குத் தீட்டு இல்ல. தோலைத் தைச்சவனுக்கு மட்டும் தீட்டு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை கலைத் தொழிற்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் முறையை அரசுச் செலவில் சோதித்தார். வாரக்கணக்கான வேலை நாள்கணக்காகக் குறைந்தது. 1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. தோல் தொழில்நுட்பம் பொறியியல் பட்டமாயிற்று. பட்டம் பெற்றவர் தொடுவதும் அதே தோல், அதே சுண்ணாம்பு. 'குளிச்சிட்டு உள்ளே வா'ன்னு அவரிடம் யாரும் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்தவனிடம் மட்டும் ஏன் சொன்னார்கள்? தீட்டு தோலில் இல்லை, சாதியில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த மரியாதை சேரி வரைக்கும் வரவில்லை. வந்திருந்தால், தலித்துகளைச் செத்த விலங்கைத் தூக்க வைப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் எழுதவேண்டி வந்திருக்காது.

2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அங்குள்ள தலித்துகள் தங்கள் தொழிலுக்குக் கௌரவமான பெயர் வையுங்கள் என்று கேட்கவில்லை. செத்த மாடுகளை சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீஸ் முன்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள். இனி தூக்கமாட்டோம் என்றார்கள். நிலம் கேட்டார்கள்.

நிலம் கேட்டதில்தான் விஷயம் இருக்கிறது. நாளைக்குச் சோறு உள்ளவனுக்குத்தான் 'முடியாது' என்று சொல்ல வாய் வரும். தாம்பரம் வட்டாரம் அன்றைக்குச் சேர்ந்திருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் டிரெமென்ஹீர், 1891இல் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கை இதைத்தான் பேசியது. அதையொட்டி 1892இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை வந்தது. அதில் ஏராளமான நிலம் பிறகு கைமாறிப் போனது. 1994இல் அதே செங்கல்பட்டு மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள்.

தொழிலுக்குப் புதுப் பெயர் சூட்டுவது எளிது, குரோம்பேட்டையே சாட்சி. பிடித்தால் செய்யவும் பிடிக்காவிட்டால் மறுக்கவும் உழைக்கிறவனுக்கு வழி வேண்டும். அதுவரைக்கும் தோலுக்குக் கிடைத்த மரியாதையை அவன் கணக்கில் எழுதாதீர்கள்.