பன்னுக்கு வரி இல்லை, க்ரீமுக்கு உண்டு

பொள்ளாச்சியில இருந்து கோவை போனா, அன்னபூர்ணா சாம்பாரைத் தொடாம திரும்ப மாட்டோம். விலை ஏறிருச்சுன்னு முணுமுணுப்போம், ஆனாலும் போவோம். அந்த முணுமுணுப்பு ஒருநாள் மைக்குக்கே போச்சு.

2024 செப்டம்பர் 11, கொடிசியா. அன்னபூர்ணா சீனிவாசன், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னாடி எழுந்தார். இனிப்புக்கு 5 சதவீதம், காரத்துக்கு 12. பன்னுக்கு வரியே இல்லை, உள்ளே க்ரீம் வச்சா 18. வாடிக்கையாளர்கள் க்ரீமைத் தனியா கேக்கறாங்கன்னார். அரங்கமே சிரிச்சுது. கோடு எழுதற எனக்குச் சிரிப்பு வரலைங்க. ஒரே பில்லுக்கு எத்தனை கண்டிஷன்!

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தப்ப ஏ.சி. ஹோட்டலுக்கு 18, ஏ.சி. இல்லாததுக்கு 12. நவம்பர்ல ரெண்டுமே 5 ஆச்சு. ஆனா கடைக்காரர் வாடகைக்கும் சரக்குக்கும் கட்டற வரியைக் கழிச்சுக்க முடியாது. அது தோசை விலைக்குள்ள ஒளிஞ்சுக்குது. நாம திட்டறது கடையை.

சீனிவாசன் மறுநாளே அமைச்சரை நேர்ல பார்த்து மன்னிப்பு கேட்டார். அந்த வீடியோ வெளியாச்சு. அதை வெளியிட்டதுக்கு பா.ஜ.க.வின் அண்ணாமலை மன்னிப்பு கேட்டார்.

2025 செப்டம்பர் 22-ல இருந்து காரம், கேக், பேஸ்ட்ரி எல்லாம் 5 சதவீதம். அப்போ அவர் கேட்டதுல என்ன தப்புன்னுதான் எனக்கு இன்னும் புரியலை.