மரத்த கையும் கற்கும் மூளையும்: வேலூர் தொழுநோய் அறுவை மருத்துவம் தரும் சான்றுகள்

நரம்புக் கேட்டாலோ பக்கவாதத்தாலோ செயலிழந்த கையை மூளை எப்படி மீண்டும் தன்வசமாக்குகிறது? இதை ஆராய்வோர் பெரும்பாலும் 1980களுக்குப் பிந்தைய விலங்கு ஆய்வுகளிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வேலூரில் தொழுநோயாளிகளின் கைகால்களில் இதற்கான சான்றுகள் கிடைத்துவிட்டன. அவற்றைக் கொண்டு இக்கட்டுரை இரண்டு முடிவுகளை முன்வைக்கிறது. தசையிலிருந்து மூளைக்குச் செல்லும் உணர்வு எஞ்சியிருந்தால் அசைவைப் புதிதாகக் கற்க முடியும். கற்ற அசைவு நிலைபெறுவது பயனுள்ள வேலையில்தான். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத் தோல் தொழிலாளரின் மறுவாழ்வுக்கு இவ்விரண்டும் நேரடியாகப் பொருந்தும்.

இடம் மாறிய தசை

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், செங்கற்பட்டில் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனின் நோயாளிகளைப் பார்த்தபோது, விரல்கள் மடங்கிப்போனவர்களின் பிடியில் வலு குறையாதிருப்பதைக் கவனித்தார். தொழுநோய் அல்நார் நரம்பை முழங்கையருகிலும் மீடியன் நரம்பை மணிக்கட்டருகிலும் தாக்குவதால் உள்ளங்கையின் சிறுதசைகள் செயலிழக்கின்றன. முன்கைத் தசைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. தப்பிய தசையின் நாணை விரல்களோடு இணைத்து அவற்றை நிமிரச் செய்தார் பிராண்ட்.

நாணை இணைப்பது அறுவை மருத்துவரின் பணி. அதை இயக்கக் கற்பது நோயாளியின் பணி. மணிக்கட்டை நிமிர்த்தும் தசையை விரல்களுக்கு மாற்றும்போது கற்றல் ஓரளவு எளிது. ஒரு பொருளைப் பிடிக்கும்போது அத்தசை இயல்பாகவே இறுகுவதால் பழைய பழக்கம் புதியதற்குத் துணைநிற்கிறது. பாதத் தொய்வுக்குச் செய்யும் மாற்றம் இன்னும் கடினமானது. கணுக்காலின் பின்புறமாகச் செல்லும் டிபியாலிஸ் போஸ்டீரியர் தசையின் நாண் முன்புறத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. நடையில் பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போது உழைத்த தசை, இனிப் பாதம் தரையை விட்டு எழும்போது உழைக்க வேண்டும். வேலையோடு வேலைக்கான தருணமும் மாறுகிறது. ஆயினும் பயிற்சியால் பலர் பாதம் தரையில் இடறாமல் நடக்கக் கற்றிருக்கிறார்கள்.

இது எப்படிக் கைகூடுகிறது? இந்நோயாளிகளின் தோல் மரத்துவிட்டாலும், மாற்றப்பட்ட தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் கெடவில்லை. தசை எவ்வளவு இழுபட்டது, எவ்வளவு சுருங்கியது என்ற செய்தி மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. முயற்சியும் அச்செய்தியும் கண்ணெதிரே நிகழும் அசைவும் ஒன்றுகூடும்போது கற்றல் நடக்கிறது என்பதே என் வாதம். நரம்பியல் ஆய்வாளர் ரண்டால்ஃப் நூடோ குழுவினர் 1996இல் குரங்குகளில் கண்டதும் பயிற்சியின் இந்த ஆற்றலையே காட்டுகிறது. மூளைப் புறணியில் கைக்குரிய பகுதி சிறிது சேதமுற்றபின், பயிற்சி பெறாத குரங்குகளில் அருகே எஞ்சியிருந்த கைப்பகுதியும் சுருங்கியது. பயிற்சி பெற்றவற்றில் அது காக்கப்பட்டது.

கண் கற்ற காவல்

தோலுணர்வின் கதை வேறு. வேலூரில் அமைந்த நவஜீவ நிலையத்தில் நோயாளிகள் தச்சுவேலை கற்றார்கள். அங்கே ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடப்பட்டது. புண்களில் பலவற்றை உண்டாக்கியது கருவிகளும் சூடும் அழுத்தமுமே என்பது தெளிவானது. கைப்பிடிகள் திருத்தப்பட்டன, கைகளை நாள்தோறும் கண்ணால் சோதிக்கும் பழக்கம் ஊன்றப்பட்டது.

பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பிராண்ட் செயற்கை வலியை உருவாக்க முயன்றார். அழுத்தம் மிகும்போது ஒலியாலும், பிறகு மின்னதிர்ச்சியாலும் கருவி எச்சரித்தது. வேலையை முடிக்க நினைத்தவர்கள் கருவியை நிறுத்திவிட்டார்கள், முயற்சி கைவிடப்பட்டது. பார்த்துக் காக்கும் பழக்கம் நோயாளியின் சொந்தச் செயலாகிவிட்டதால் நிலைத்தது. கருவியின் எச்சரிக்கை அவருடைய உடலுணர்வின் பகுதியாகவில்லை.

எதிர்வாதங்கள்

நாண் மாற்றம் பெற்றவரின் மூளை நலமாக இருந்தது. பக்கவாதத்தில் கற்க வேண்டிய மூளையே காயப்பட்டிருக்கிறது. இந்த வேறுபாட்டை ஒதுக்க முடியாது. மேலும், இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் நடந்த அட்டெண்ட் ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்து வீட்டிலேயே மறுவாழ்வளித்தும், ஆறாம் மாத நிலையில் வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பயன் கிட்டவில்லை. வீடும் அன்பும் மட்டும் போதா என்றே இதைக் கொள்ள வேண்டும். பயிற்சியின் அளவும் தன்மையும் தேர்ந்தவர் கண்காணிப்பும் இன்றியமையாதவை.

தோல் வட்டாரத்துக்கான பாடம்

ஷூ கம்பெனியில் ஷூவின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் பெண்ணுக்கு இரு கைகளும் கண்ணும் மிதியை அழுத்தும் காலும் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டும். தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தரையில் நின்று கனத்த தோலை இழுப்பவருக்குக் கால்களின் நிலையுணர்வே காப்பு. இவர்களுடைய மீட்சியைப் பந்தை அழுத்தும் வலுவைக் கொண்டு மட்டும் அளப்பது குறையுடையது. இழப்பீட்டுச் சட்டமும் உறுப்பையே எண்ணியது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை கட்டைவிரல் இழப்புக்கு 30 விழுக்காடு, முழு ஆள்காட்டி விரலுக்கு 14 விழுக்காடு என வகுத்தது. எஞ்சிய கை எதைக் கற்க முடியும் என்ற கேள்விக்கு அதில் இடமிருக்கவில்லை.

அக்கேள்விக்கு வேலூரிலேயே விடை உண்டு. 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். அவர் முயற்சியால் வேலூரின் பாகாயத்தில் 1966இல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. தம் தொழிலுக்கே திரும்பியதுதான் அவருடைய மறுவாழ்வு.

ஆகவே மூன்று செயல்கள் தேவை. மருத்துவமனைப் பயிற்சியில் தோல்துண்டும் தையல் எந்திரமும் இடம்பெற வேண்டும். குறைந்த நேரத்தில் தொடங்கிப் படிப்படியாக முழுப்பணிக்குத் திரும்பும் வாய்ப்பை ஆலைகளும் இ.எஸ்.ஐ. நிறுவனமும் உறுதிசெய்ய வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை மருத்துவர்கள், நோயாளியின் தொழிலைக் கேட்டறிந்து அதற்கேற்ற பயிற்சியை வகுக்க வேண்டும். மூளை கற்கத் தயாராக இருக்கிறது. கற்பதற்கான வேலையை அதற்குத் தருவது நம் கடமை.