ஜூரி சபைக்கு யார், எப்படித் தெரிவாகின்றார்கள்?

தரம் 10, 11 மாணவர்களுக்குக் குடியியற் கல்வி கற்பிக்கிறேன். நீதித்துறை பற்றிய பாடம் வரும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை, "சேர், ஜூரிமாரை யார் தெரிவு செய்கிறார்கள்?" என்று கேட்கும். பெரியவர்களிடம் கேட்டாலும் பலருக்குத் தெளிவான விடை இல்லை. ஆங்கிலப் படங்களில் பார்த்த காட்சியைத்தான் சொல்வார்கள்.

அந்தக் காட்சி அமெரிக்காவுக்குரியது. ஜூரியாக அழைக்கப்பட்டவரிடம் தொழில், குடும்பம், வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டது என்று பலதும் அங்கு விசாரிக்கப்படும். காரணம் சொல்லாமலே குறிப்பிட்ட சிலரை நிராகரிக்கும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு. ஆனால் இனத்தைக் காரணமாக வைத்து அரச தரப்பு ஜூரிமாரை நீக்கக்கூடாது என 1986இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நமது நாட்டில் நடப்பது வேறு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி ஜூரி சபையில் ஏழு பேர் இருப்பர். கொலை போன்ற சில பாரதூரமான குற்றங்களில், எதிரி விரும்பினால் மேல் நீதிமன்றத்தில் ஜூரி விசாரணையைக் கோரலாம். மற்றபடி பெரும்பாலான வழக்குகளை நீதிபதியே ஜூரியின்றி விசாரிக்கிறார்.

ஜூரிமாரின் பெயர்ப்பட்டியல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மொழிவாரியாக உள்ளது. நீதிமன்றம் வேறு விதமாகப் பணித்தாலன்றி, எந்த மொழிப் பட்டியல் என்பதை எதிரியே தெரிவு செய்கிறார். பின்னர் திறந்த நீதிமன்றத்தில் பெயர்கள் சீட்டாக எடுக்கப்படும். பக்கச்சார்பு, மொழி விளங்காமை போன்ற காரணங்களைக் காட்டி ஒருவரை ஆட்சேபிக்கலாம், முடிவு நீதிபதியுடையது. ஏழு பேரும் சத்தியம் செய்து தமக்கொரு தலைவரைத் தெரிவு செய்வர். ஏகமனதாக, அல்லது குறைந்தது ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது மொழித் தெரிவையே. எதிரிக்கு அந்த உரிமை உண்டு; பாதிக்கப்பட்டவருக்கு இல்லை. பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கை ஜூரி முன் விசாரிப்பதைப் பாதிக்கப்பட்ட தரப்பு ஆட்சேபித்தது. எனினும் சிங்கள மொழி பேசும் ஜூரிகள் முன்பே விசாரணை நடந்தது. 2016 டிசம்பர் 24ஆம் திகதி, நள்ளிரவு தாண்டி, எதிரிகள் ஐவரும் விடுவிக்கப்பட்டனர். அதே ஆண்டு ஜூலையில், 1996ஆம் ஆண்டின் குமாரபுரம் படுகொலை வழக்கிலும் ஆறு முன்னாள் இராணுவத்தினரை அநுராதபுரத்தில் ஜூரிகள் விடுவித்தனர். அந்த ஜூரிமார் மனசாட்சிப்படி நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தெரிவு முறை மீதே பாதிக்கப்பட்டவருக்கு நம்பிக்கை இல்லையென்றால், தீர்ப்பு சரியாக இருந்தாலும் அவர் மனம் ஆறாது.

இந்தப் பிரச்சினை புதிதல்ல. 1811இல் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் இங்கு ஜூரி முறையைக் கொண்டுவந்தபோது, எதிரியின் சாதியை, வகுப்பைச் சேர்ந்தவர்களே ஜூரிகளாக இருக்கும் ஏற்பாடு இருந்தது. சாதி போய் மொழி வந்துள்ளது. சட்டத்தின் பார்வையில் மொழியும் இனமும் ஒன்றல்ல. ஆனால் நமது நாட்டில் மொழிப் பட்டியல் இனப் பட்டியலாக மாறுவது இலகு.

ஆகவே இரண்டு விடயங்களை முன்வைக்கிறேன். ஒன்று, இனமுரண்பாடு சம்பந்தப்பட்ட வழக்குகளில் "வேறு விதமாகப் பணிக்கும்" தமது அதிகாரத்தை நீதிபதிகள் பயன்படுத்த வேண்டும். மும்மொழியும் தெரிந்தவர்களைக் கொண்ட கலப்பு ஜூரி பற்றிச் சட்டத்தரணிகளும் சிந்திக்க வேண்டும். மற்றது நமது பொறுப்பு. ஜூரி அழைப்புக் கடிதம் வந்தால் "கோடு கச்சேரி நமக்கு எதற்கு" என்று தப்பும் வழி தேடுகிறோம். நம்மில் தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசுவோர் ஏராளம். சிங்கள மொழிமூலம் படித்த நமது பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் இருக்கத் தகுதியானவர்களே. நாம் ஒதுங்கிக்கொண்டால், அந்த ஏழு ஆசனங்களிலும் நமது சமூகத்தவர் ஒருவர்கூட இல்லையே என்று பிறகு முறையிடுவதில் நியாயமில்லை.