படம் ஓடுது, சத்தம் எங்கே? ஒரு பிளகினின் வரலாறு

2015, 2016 காலத்தில அன்ட்ரொய்ட் போன் வைச்சிருந்த ஆக்களுக்கு இது நல்லா ஞாபகம் இருக்கும். எம்எக்ஸ் பிளேயரில் ஒரு வீடியோவைத் திறந்தால் படம் ஓடும், ஆக்கள் வாயசைப்பினம், சத்தம் மட்டும் வராது. ஏசி3 என்ற ஒலி வடிவத்துக்கு ஆதரவு இல்லை என்று திரையில் ஒரு வரி வந்து போகும். போன் பழுது, ஸ்பீக்கர் பழுது, மெமரி கார்ட் பழுது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மையில் எதுவுமே பழுதில்லை.

இதைச் சினிமாப் படத்துக்கு மட்டும் வந்த பிரச்சினை என்று நினைத்தால், அது ஒரு பொழுதுபோக்குக் கதையாக முடிந்துவிடும். திருகோணமலை நகரில் இருந்து வடக்கே, உப்புவெளிப் பக்கமாகப் போனால் வருகிற கடலோரக் கிராமம் சல்லி. அங்கேயோ அது மாதிரி இன்னொரு ஊரிலோ ஒரு வீட்டு அலுமாரியைத் திறந்தால் என்ன கிடைக்கும்? கலியாண டிவிடி, சாமத்தியவீட்டு டிவிடி, அம்மன் கோயில் பொங்கல் டிவிடி. டிவிடிக்குள் இருக்கிற ஒலி பெரும்பாலும் டொல்பியின் ஏசி3 வடிவில்தான் இருக்கும். அந்தக் கோப்பை அப்படியே போனுக்கு மாற்றினால் பறை அடிக்கிறவரின் கை தெரியும், பறை கேட்காது. இப்போது உயிரோடு இல்லாத அம்மம்மா சிரிப்பது தெரியும், சிரிப்பு கேட்காது. எங்கட ஆக்களின் குரல், எங்கட ஊரில் பதிந்தது. அதைக் கேட்க யாரோ ஒரு கொம்பனியின் அனுமதி தேவைப்பட்டது.

ஏன் அப்படி? வீடியோவும் ஒலியும் சுருக்கப்பட்டுத்தான் கோப்பில் கிடக்கின்றன. அவற்றை விரித்துக் காட்டுகிற நிரலுக்குப் பெயர் கோடெக். ஏசி3-ஐ உருவாக்கியது டொல்பி. 1992-இல் திரையரங்குகளுக்கு வந்து, பிறகு டிவிடிக்குள்ளும் புகுந்தது. அந்தச் சுருக்கும் முறைக்கு டொல்பியிடம் பேட்டன்ட் இருந்தது. பதிப்புரிமையும் பேட்டன்டும் ஒன்றில்லை. நீங்கள் சொந்தமாக, ஒரு வரிகூடப் பார்த்து எழுதாமல் ஒரு கோடெக் எழுதினாலும், அது அதே முறையைப் பயன்படுத்தினால் பேட்டன்ட்காரர் காசு கேட்கலாம்.

இந்தக் காசு எப்படி வாங்கப்படும் என்பதற்கு ராஸ்பெரி பை ஒரு தெளிவான உதாரணம். 2012 ஓகஸ்டில் அந்தச் சிறிய கணினிக்கு எம்பெக்-2 வீடியோ லைசன்ஸை 2.40 பவுணுக்குத் தனியாக விற்கத் தொடங்கினார்கள். வாங்கினால் ஒரு சாவி எண் வரும். அது உங்கள் கணினியின் தொடரிலக்கத்துக்கு மட்டுமே வேலை செய்யும். வீடியோவை விரிக்கிற திறன் சிப்பில் முதல் நாளே இருந்தது; பூட்டு மட்டும் காசு கட்டும்வரை திறக்கவில்லை.

எம்எக்ஸ் பிளேயரின் கதை இதற்கு அடுத்த அத்தியாயம். அது தென்கொரியாவில் உருவான செயலி. விலையில்லாமல் கிடைத்ததால் எங்கட பக்கத்திலும் இந்தியாவிலும் பெடியள் எல்லாரும் வைச்சிருந்தார்கள். அதற்குள்ளே வேலை செய்தது எஃப்எஃப்எம்பெக், 2000-இல் பிரெஞ்சுக்காரர் ஃபப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். தொடக்கத்தில் ஏசி3 அதில் சும்மாவே ஓடியது. பிறகு லைசன்ஸ் சிக்கல் வந்து, முதலில் டிடிஎஸ், பின்னால் ஏசி3 என்று ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டன. ஒரு அப்டேட் போட்டதும் நேற்றுவரை பேசிய படம் ஊமையாகிவிட்டது.

ஆனால் செயலியில் ஒரு கதவு திறந்தே இருந்தது. வெளியில் இருந்து ஒரு கோடெக் கோப்பைக் கொண்டுவந்து சேர்க்கலாம். எஃப்எஃப்எம்பெக்கின் மூலநிரல் எல்லாருக்கும் பொது. அதை ஏசி3-உடன் திரும்பக் கட்டி இணையத்தில் போட ஆக்கள் இருந்தார்கள். போனின் புரொசசருக்கும் செயலியின் பதிப்புக்கும் பொருந்துகிற கோப்பைத் தேடி எடுத்து, டவுன்லோட் ஃபோல்டரில் போட்டு, செயலியைத் திறக்க வேணும். பதிப்பு ஒரு புள்ளி மாறினாலும் சரிவராது. பொருந்தினால் சத்தம் திரும்பி வந்துவிடும். என்ன காரணம் என்று தெரியாமலே நிறையப் பேர் இதைச் செய்தார்கள்.

இதில் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கு. பேட்டன்ட் என்பது அதைப் பதிந்த நாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற உரிமை. அமெரிக்காவில் மட்டும் பதிந்த பேட்டன்டுக்கு இலங்கையில் பலம் இல்லை. ஆனால் செயலி உலகம் முழுக்க ஒன்றுதான், அது வருகிற கடையும் ஒன்றுதான். ஆகவே எந்தப் பாராளுமன்றமும் சட்டம் போடாமலே, வேறொரு நாட்டின் உரிமை சல்லியில் இருக்கிற ஒரு போன்வரைக்கும் வந்து சேர்ந்தது. அதே நேரம் விஎல்சியில் அந்த வீடியோ சத்தத்தோடு ஓடியது. அதை நடத்துகிற வீடியோலான் அமைப்பு இருப்பது பிரான்சில். அங்கே மென்பொருளுக்கு அந்த மாதிரிப் பேட்டன்ட் செல்லாது என்ற நிலைப்பாட்டில் எல்லாக் கோடெக்கையும் உள்ளேயே வைத்துத் தந்தார்கள்.

இன்னொரு வழியும் வந்தது. 2013 ஒக்டோபரில் சிஸ்கோ, எச்.264 வீடியோவுக்கான தன் கோடெக்கைத் திறந்துவிட்டு, லைசன்ஸ் காசைத் தானே கட்டுவதாக அறிவித்தது. ஃபயர்ஃபொக்ஸ் அதைப் பிளகினாக எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தக் கோப்பு சிஸ்கோ கட்டி, சிஸ்கோவிடம் இருந்தே இறங்க வேணும். அதே மூலநிரலை நீங்கள் வீட்டில் கட்டினால் சிஸ்கோவின் லைசன்ஸ் உங்களுக்குப் பொருந்தாது. ஒரே நிரல்தான், வந்த வழி மட்டுமே வேறு.

காசு வாங்குவதே அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. எம்பி3-இல் வந்த காசு ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனத்தில் அடுத்த ஆராய்ச்சிகளுக்குப் போனது. பேட்டன்டுக்கு முடிவும் உண்டு, பொதுவாக 20 வருடம். 2017 மார்ச்சில் ஏசி3-இன் கடைசி அமெரிக்க பேட்டன்ட் காலாவதியானது. அடுத்த மாதமே எம்பி3 லைசன்ஸ் திட்டமும் மூடப்பட்டது. ஆனால் சத்தம் இல்லாமல் போன அந்த வருடங்களில், டிஸ்க் பழுது என்று நினைத்து எறியப்பட்டவை எத்தனை? அவற்றுக்குக் காலாவதித் தேதி பார்த்துக் காத்திருக்க முடியாது.

அதனால் இரண்டு விஷயம். ஒன்று, வீட்டில் கிடக்கிற டிவிடி போனில் ஊமையாக ஓடினால் எறிய வேண்டாம். சத்தம் உள்ளேதான் இருக்கு. விஎல்சியில் போட்டுப் பாருங்கள். மூலக் கோப்பை அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்கிலும் பிரதி எடுத்து வையுங்கள், ஏனென்றால் டிவிடியின் ஆயுள் நீளமில்லை. இரண்டு, இனிப் பதிகிறவற்றின் ஒரு பிரதியையாவது லைசன்ஸ் கட்டணம் இல்லாத வடிவில் வையுங்கள். ஒலிக்கு ஓபஸ் இருக்கு, 2012-இல் தரமாக்கப்பட்டது. அதைப் புதிதாகத் தேடத் தேவையில்லை. கனடாவில் இருந்து சித்தி அனுப்புகிற வட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜ் ஏற்கெனவே அதில்தான் வருது.